முகப்புத் திரையின் குத்தகைதாரர்கள்

“ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ்தானே ப்ரோ, யார் வேணும்னாலும் எடுத்து எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாமே.”

இதைச் சொல்லாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. பொறியியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். யூடியூபில் போன் ரிவ்யூ போடுகிறவர்கள் சொல்கிறார்கள். கீழ்வேளூரில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் நண்பன், ஒரு நாளைக்குப் பத்துப் போன்களின் வயிற்றைத் திறந்து பார்க்கிறவன், அவனும் சொல்கிறான். அந்த வாக்கியத்தில் ‘யார் வேணும்னாலும்’ என்பது பொய். ‘எப்படி வேணும்னாலும்’ என்பதும் பொய். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்பது மட்டும் அரை உண்மை. அந்த அரை உண்மையின் நிழலில்தான் மீதி வியாபாரம் எல்லாம் நடக்கிறது.

ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு போன் வாங்குகிறீர்கள். கையில் இருப்பது ஒரே பொருள் மாதிரித்தான் தெரியும். ஆனால் அதற்குள் குறைந்தது நான்கு பத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அடியில் லினக்ஸ் கெர்னல், அது ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. அதைப் பயன்படுத்திப் பொருள் விற்கிறவன், வாங்கியவன் கேட்டால் மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் ஆண்ட்ராய்டின் பொது நிரல். அது பெரும்பாலும் அப்பாச்சி உரிமத்தில் இருக்கிறது. எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் கூகுளின் பிளே ஸ்டோர், பிளே சர்வீசஸ், மேப்ஸ், யூடியூப். இவை ஓப்பன் சோர்ஸ் கிடையவே கிடையாது. கூகுளிடம் தனி ஒப்பந்தம் போட்டால்தான் போன் கம்பெனி அவற்றை வைக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலே போன் கம்பெனி போர்த்துகிற சொந்தத் தோல்: ஒன் யூ.ஐ., கலர் ஓ.எஸ். என்று பெயர் மாறும். அது அந்தக் கம்பெனியின் தனிச் சொத்து.

இந்த நான்கில் மூன்று கம்பெனிகளைக் காப்பாற்றுகிறவை, அல்லது குறைந்தபட்சம் அவர்கள் கையைக் கட்டாதவை. ஒன்றே ஒன்றுதான் வாங்கியவனுக்குக் கையில் ஏதோ கொடுக்கிறது. எதற்காக நீதிமன்றம் வரை ஓடினார்கள், எதை எவனும் சட்டை செய்யவில்லை என்று பார்த்தால் போதும், இந்தத் தொழிலின் மனசு புரிந்துவிடும்.

2014 டிசம்பர் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பிளஸ் என்ற சீனக் கம்பெனி தன் முதல் போனை இந்தியாவில் விற்க வருகிறது. 21,999 ரூபாய், அமேசானில் மட்டும். அந்தப் போனின் முகம் ஒன்பிளஸின் முகம் அல்ல. சயனோஜென் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருள். போனின் முதுகிலேயே சயனோஜென் பெயர் பொறித்திருந்தது. உலகம் முழுக்க (சீனா நீங்கலாக) பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் இருவரும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இடையில் செப்டம்பரில் சயனோஜென், இந்தியாவின் மைக்ரோமேக்ஸோடு உட்கார்ந்து இன்னொரு ஒப்பந்தம் போட்டது: இந்தியாவில் உனக்கு மட்டும்தான் தருவேன் என்று. ஒரே நிலத்தை இரண்டு பேருக்குக் குத்தகை எழுதிக் கொடுத்த மாதிரி. நம் பக்கத்தில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 2ஆம் தேதி விற்பனைக்கு வந்த போனுக்கு டிசம்பர் 16ஆம் தேதி தடை. பதினான்கு நாள்! நம் ஊரில் பட்டா பெயர் மாற்றத்துக்கு எத்தனை நாள் ஆகிறது என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதே மாதத்திலேயே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. போன் மறுபடி விற்பனைக்கு வந்தது. டிசம்பர் 18ஆம் தேதியே மைக்ரோமேக்ஸின் ‘யூ யுரேகா’, அதே சயனோஜென் முகத்தோடு, 8,999 ரூபாய்க்கு அறிவிக்கப்பட்டுவிட்டது.

இந்த வழக்கில் யாரைக் காணவில்லை என்று கவனித்தீர்களா? அந்த இரண்டு வாரத்தில் போனை வாங்கியவன். அவனுக்கு அப்டேட் வருமா, வராதா? இந்தியாவில் வாங்கிய போனுக்கு அப்டேட் கிடையாது என்று ஒரு நாள் பேச்சு, கிடைக்கும் என்று மறுநாள் பேச்சு. அவன் பணம் கொடுத்தாகிவிட்டது. அவனுடைய போனின் முகம் யாருக்குச் சொந்தம் என்று மூன்று கம்பெனிகள் டெல்லியில் வாதாடிக்கொண்டிருந்தன. நான்காவது நாற்காலி போடப்படவே இல்லை.

அந்த மென்பொருளின் பிறப்பையும் சொல்ல வேண்டும். சயனோஜென்மாட் என்பது சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான ஆட்கள், இரவு கண் விழித்து, தங்கள் பழைய போன்களுக்கு உயிர் கொடுப்பதற்காக எழுதியது. 2009லேயே கூகுள் அதன் மேல் பாய்ந்தது: பொது நிரலை வைத்துக்கொள், எங்கள் செயலிகளைச் சேர்த்துக் கொடுக்காதே என்று வக்கீல் கடிதம் அனுப்பியது. 2013இல் அதே திட்டம் கம்பெனியானது. ஆனதுமே, தன்னார்வலர் ஒருவர் எழுதிய ஃபோக்கல் என்ற கேமரா செயலியின் உரிமத்தை வியாபாரத்துக்கு வசதியாக மாற்றுவதா என்று தகராறு. எழுதியவர் ஒப்பவில்லை, செயலி வெளியேறியது. 2016 டிசம்பர் 31ஆம் தேதியோடு கம்பெனி தன் சேவைகளை மூடியது. இந்தியாவில் உனக்கு மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்து இரண்டே வருஷம். உரிமம் வாங்கியவர்களும் அம்போ, போன் வாங்கியவர்களும் அம்போ. பிழைத்தது எது? அந்தத் தன்னார்வலர்கள் ‘லினியேஜ்’ என்ற பெயரில் எடுத்துக்கொண்டு போன பொது நிரல். கோர்ட்டில் எவனும் உரிமை கொண்டாடாத அந்தப் பகுதிதான் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

கம்ப்யூட்டர் காலத்திலும் இதே கதைதான். 1996இல் காம்பேக் தன் கணினிகளில் விண்டோஸின் முகப்பிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐகானை எடுத்துவிட்டு நெட்ஸ்கேப்பை வைத்தது. விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று மைக்ரோசாஃப்ட் கடிதம் அனுப்பியது. காம்பேக் வாலைச் சுருட்டிக்கொண்டு ஐகானைத் திரும்ப வைத்தது. அதற்குப் பிறகு எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் கட்டளை: ஐகானை எடுக்கக் கூடாது, கணினி முதன்முதலில் ஆன் ஆகும்போது வரும் திரைகளை மாற்றக் கூடாது, உன் சொந்த முகப்பைக் கொண்டுவரக் கூடாது. ஹெவ்லெட் பேக்கார்டு நொந்துபோய், வேறு விற்பவர் இருந்தால் உங்களிடம் வாங்கியிருக்கவே மாட்டோம் என்ற பொருளில் ஒரு கடிதமே எழுதியது. அது பின்னால் வழக்கில் சாட்சியமானது.

மைக்ரோசாஃப்டின் வாதம் எளிமையானது. இது என் காப்புரிமைப் படைப்பு. ஓவியத்தை விற்றவன் அதன் மேல் மீசை வரையாதே என்று சொல்ல மாட்டானா? 2001 ஜூனில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏறக்குறைய சிரித்துத் தள்ளியது. உன்னுடைய பொருள் என்பதாலேயே அதை வைத்து அடுத்தவன் மண்டையில் அடிக்க உனக்கு உரிமை வந்துவிடாது என்பதுதான் அது சொன்னதன் சாரம். முகப்பை மாற்றாதே என்ற கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை சட்டவிரோதம் என்றது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டது: விண்டோஸ் முகப்பு வரவே விடாமல் முழுக்க வேறொரு முகப்பைத் தானாகத் தொடங்க வைப்பது படைப்பையே உருமாற்றுவதாகும், அதைத் தடுக்கலாம் என்றது. எனக்கு இந்தப் பிரிவினையில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் கோடு எங்கே போடுவது என்று யோசித்த ஒரு தீர்ப்பு அது. உரிமையாளன் சொன்னதெல்லாம் வேதம் என்று அது விட்டுவிடவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பேச்சு அடிக்கடி குழம்புகிற இடம் இது. போன் கம்பெனிகள் கூகுளிடம் மாட்டிக்கொண்ட பாவப்பட்ட குத்தகைதாரர்கள் என்று ஒரு தரப்பு அழுகிறது. போன் கம்பெனிகள்தான் நல்ல ஆண்ட்ராய்டைக் குப்பையாக்குகின்றன, கூகுள் கட்டுப்பாடு வைப்பது நமக்கு நல்லதுதான் என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் தங்கள் கட்சிக்காரனுக்காகப் பேசுகிறார்கள். இந்தச் சண்டையில் நான் கூகுள் கட்சியும் இல்லை, போன் கம்பெனி கட்சியும் இல்லை. மேல்வாரம் உனக்கா எனக்கா என்று இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது வயலில் நிற்கிறவன் ஏன் கை தட்ட வேண்டும்?

போன் கம்பெனிக்கு முகத்தை மாற்றும் சுதந்திரம் கிடைத்தால் என்ன செய்கிறது என்று என் பெரியப்பாவிடம் கேட்கலாம். கீழ்வேளூருக்குத் தெற்கே மூன்று மா நிலம் குத்தகைக்குப் பார்க்கிறார். ஒரு சம்பா அறுவடைக்கு முன்னால், நெல் கொள்முதலுக்குப் பதிவு செய்ய ஓ.டி.பி. வர வேண்டிய நேரத்தில், போன் ‘இடம் போதவில்லை, சுத்தம் செய்’ என்றது. போனோடு வந்த செயலிதான், அவர் இறக்கியதல்ல. சுத்தம் செய்து முடித்ததும் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்: ஐயாயிரம் ரூபாய் கடன் தயார். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டிய நேரம். அழுத்திவிட்டார். பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். எங்கள் உறவில் பாதிப் பேருக்கு மிரட்டல் போன் வந்தது. அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டது: “ஏன்டா தம்பி, போன்காரனே கடன் குடுக்குறான்னுதான நெனச்சேன். அவன் எழுத்து, அவன் கலரு, அவன் சின்னம்தானடா இருந்துச்சு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது சரியான கேள்வி. முகப்பு என்பது ஒரு சாட்சி. இது யார் பேசுகிற குரல் என்று பயனாளருக்குச் சொல்வது அதுதான். கம்பெனி தன் முகத்தை விளம்பரக்காரனுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டால், படித்தவன் ‘ஆட்’ என்று மூலையில் இருக்கும் பொடி எழுத்தைக் கண்டுபிடிப்பான். பெரியப்பா கண்டுபிடிக்க மாட்டார். இதற்குத்தான் ‘கஸ்டமைசேஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூட்டிய திரையில் விளம்பரம், கால்குலேட்டருக்குள் விளம்பரம், ஃபைல் மேனேஜருக்குள் விளம்பரம். ஷாவ்மி 2018இல் போன், கருவிகளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தபோது நாம் கைதட்டினோம். லாபத்தை எங்கிருந்து எடுப்பார்கள் என்பதை அந்த அறிவிப்பிலேயே மறைக்காமல் சொன்னார்கள்: இணையச் சேவைகளிலிருந்து. அதாவது உங்கள் திரையிலிருந்து.

இதே வேலையைச் சின்னவன் செய்தால் என்ன பெயர் தெரியுமா? பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் டவுன்களில் அசெம்பிள் செய்து கம்ப்யூட்டர் விற்ற கடைகள் திருட்டு விண்டோஸைப் போட்டு, வால்பேப்பரில் தங்கள் கடைப் பெயரையும் செல் நம்பரையும் பதித்துக் கொடுப்பார்கள். ‘மை கம்ப்யூட்டர்’ பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் அங்கேயும் கடை லோகோ. அது குற்றம், ரெய்டு வரும். அரசாங்கமும் சளைத்ததில்லை. 2013இல் உத்தரப் பிரதேச அரசு கொடுத்த எச்.பி. மடிக்கணினிகளைத் திறந்தால் முலாயம் சிங்கும் அகிலேஷும் சிரித்தார்கள். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய நம் அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் வகுப்புக்கு வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, எடுத்து மாற்றிக்கொள்ளும் உரிமையை உண்மையிலேயே கொடுத்தது. எங்கள் வகுப்பில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரும் இல்லை.

சரி, கூகுள் பக்கம் வருவோம். 2022 அக்டோபர் 20ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கைத் தொடங்கியவர்கள் பெரிய கம்பெனிகள் அல்ல. ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த மூன்று இளைஞர்கள். 2019இலேயே விசாரணைக்கு ஆணையம் உத்தரவிட்டது. அதில் வெளிவந்த ஒப்பந்த ஷரத்துகளைப் படித்தால் குத்தகைச் சீட்டு படிக்கிற மாதிரியே இருக்கும். பிளே ஸ்டோர் வேண்டுமா, கூகுளின் மற்றச் செயலிகளையும் மொத்தமாக எடுத்துக்கொள். தேடல் பெட்டி முகப்புத் திரையில் இருக்க வேண்டும். அதோடு இன்னொரு ஒப்பந்தம்: ஆண்ட்ராய்டைப் பிரித்து வேறு வடிவில் மாற்றிய எந்தப் போனையும், ஒரே ஒரு மாடலைக்கூட, நீ விற்கக் கூடாது. ஒரு வயலில் நான் சொல்கிற நெல்லைப் போட்டால் போதாது, உன் சொந்தக் கொல்லையிலும் வேறு எதையும் பயிர் செய்யாதே என்கிற ஷரத்து அது. இது வெறும் காகிதம் அல்ல. 2012 செப்டம்பரில் ஏசர், அலிபாபாவின் அலியுன் மென்பொருளோடு ஒரு போனை வெளியிட இருந்தது. கூகுள் கண்ணை உருட்டியது. வெளியீட்டு விழாவே ரத்து.

நம் ஆணையம் இதைப் பிடித்தது பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஐரோப்பிய ஆணையம் 2018இல் 434 கோடி யூரோ அபராதம் போட்டு வழி காட்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பாராட்டலாம். 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூகுளுக்குத் தடை கொடுக்க மறுத்தது. அந்த மாதமே, இனி இந்தியாவில் செயலிகளைத் தனித்தனியாகவும் உரிமம் பெறலாம் என்று கூகுள் அறிவித்தது. இங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

2023 மார்ச் 29இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே உறுதி செய்தது. ஆனால் ஆணையத்தின் பத்துக் கட்டளைகளில் நான்கை நீக்கிவிட்டது. நீக்கப்பட்டவை எவை என்று பாருங்கள். போனோடு வந்த கூகுள் செயலிகளைப் பயனாளர் நீக்குவதைத் தடுக்காதே என்பது ஒன்று. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலி இறக்குவதைத் தடுக்காதே என்பது இன்னொன்று. போன் கம்பெனிக்கும் கூகுளுக்கும் இடையே உள்ள முக்கியக் கட்டளைகள் தங்கின. வாங்கியவன் விரலுக்கு நேராகப் போய்ச் சேர வேண்டிய கட்டளைகள் விழுந்தன. தீர்ப்பாயத்துக்கு அதன் காரணங்கள் இருந்தன, படித்தேன். ஒரு செயலியை முடக்கி வைக்க வழி இருக்கிறதே என்பது மாதிரியான காரணங்கள். வீட்டுக்குள் இருக்கும் அடுத்தவன் பெட்டியை வெளியே வைக்க உரிமை இல்லை, வேண்டுமானால் அதன் மேல் துணி போட்டு மூடிக்கொள் என்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

டிவியிலும் இதே நடை. ஆண்ட்ராய்டு டிவி ஒப்பந்தங்களைப் பற்றிய புகாரில் 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. இனி டிவி கம்பெனிகள் கட்டணம் கொடுத்து பிளே ஸ்டோரைத் தனியாக வாங்கலாம். நல்லது. என் வீட்டு டிவியின் முகப்பில் பாதியை அடைத்துக்கொண்டு ஓடும் விளம்பரத்தை எடுப்பது பற்றி அந்தச் சமரசத்தில் எனக்கு எதுவும் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எனக்குத் தெரியும். ஆளாளுக்கு மாற்ற விட்டால் ஒரு போனில் ஓடும் செயலி இன்னொன்றில் ஓடாது. ஒரு குறைந்தபட்ச ஒழுங்கு வேண்டும். உண்மைதான். தமிழ் வாசகர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டின் ஆரம்பப் பதிப்புகளில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. ஒரு கம்பெனி தன் செலவில் எழுத்துரு சேர்த்திருக்கும், பக்கத்துக் கம்பெனி போனில் கட்டம் கட்டமாக வரும், இன்னொன்றில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். ஓபரா மினியில் போய், சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்து என்ற ரகசிய அமைப்பை மாற்றித்தான் ஒரு தலைமுறை தமிழ் வலைப்பூக்களைப் படித்தது. பொது நிரலிலேயே தமிழ் சரியானபோது எல்லாப் போன்களிலும் சரியானது. ஒழுங்கின் அருமை நமக்குத் தெரியும்.

ஆனால் அந்த உதாரணத்தையே திருப்பிப் போடுகிறேன். பொதுவாக இருந்த பகுதியில் ஏற்பட்ட திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. கம்பெனிகளின் சொந்தத் தோலில் இருக்கும் தமிழை இன்றைக்குப் படித்துப் பாருங்கள். என்னிடம் இருக்கும் ஒரு போனில் ‘ஹோம் ஸ்கிரீன்’ என்பதற்கு ஓரிடத்தில் முகப்புத் திரை, இன்னோரிடத்தில் வீட்டுத் திரை. இயந்திரம் துப்பியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். லினியேஜ் மாதிரித் திட்டத்தில் இதைக் கண்டால் நான் இன்றிரவே திருத்தம் அனுப்புவேன், அனுப்பியும் இருக்கிறேன். இதில் முடியாது. கட்டுப்பாடு வேண்டும் என்கிறவர்கள் செயலிகள் ஒழுங்காக ஓடுவதற்கு ஒரு சோதனை வைக்கட்டும், தேறிய போனுக்குச் சான்று கொடுக்கட்டும். தேடல் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்பதற்கும் செயலி ஓடுவதற்கும் என்ன சம்பந்தம்?

சான்றிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அப்டேட் நின்றுபோன பழைய போனில் என் நண்பன் லினியேஜ் போட்டுக் கொடுக்கிறான். போன் புதுசு மாதிரி ஓடுகிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. ஆனால் வங்கிச் செயலி திறக்கும்போது கூகுளின் சோதனை, இது சான்று பெற்ற மென்பொருள் அல்ல என்கிறது, செயலி மூடிக்கொள்கிறது. ஐந்து வருஷமாகப் பாதுகாப்புத் திருத்தமே பார்க்காத கம்பெனித் தோல் போட்ட போனில் அதே செயலி ஜம்மென்று திறக்கிறது. இதைப் பாதுகாப்பு என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். டீக்கடை முதல் உரக்கடை வரை யு.பி.ஐ. ஆன பிறகு, வங்கிச் செயலி ஓடாத போனை எவன் வைத்துக்கொள்வான்? நல்ல போன் அப்படித்தான் குப்பைக்குப் போகிறது.

இனி அந்த நான்காவது பத்திரம், ஜி.பி.எல். அதன் இரண்டாம் பதிப்பு 1991இல் எழுதப்பட்டது. பொருளோடு மூலநிரலைக் கொடு. கொடுக்காவிட்டால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் யார் கேட்டாலும் தருவேன் என்று எழுதிக் கொடு. ‘யார் கேட்டாலும்’ என்பதைக் கவனியுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவன்கூடக் கேட்கலாம். ஷாவ்மி 2014இல் மீ 3 போனோடு இந்தியாவுக்கு வந்தபோது கெர்னல் நிரலை வெளியிடவில்லை என்று நிரலாளர்கள் கத்தினார்கள். வெளியிடப் பல மாதம் ஆனது. எந்த நீதிமன்றமும் பதினான்கு நாளில் விற்பனையை நிறுத்தவில்லை. நான் என்னுடைய போன் கம்பெனிக்கு, பெயர் வேண்டாம், மூன்று முறை எழுதினேன். முதல் கடிதத்துக்கு வந்த பதில்: போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இரண்டாவதுக்கு: அருகில் உள்ள சர்வீஸ் சென்டர் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. மூன்றாவதுக்குப் பதிலே இல்லை.

இது வெளிநாட்டில் நடக்காத காரியமில்லை. 2004இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், ஹெரால்டு வெல்டே தொடுத்த வழக்கில் ஒரு ரௌட்டர் கம்பெனிக்கு எதிராக ஜி.பி.எல்.லை நிலைநாட்டியது. ஆனால் வெல்டே நிரல் எழுதியவர். நிரல் எழுதாத, வெறுமனே பொருளை வாங்கியவன் கேட்க முடியுமா? 2021 அக்டோபரில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு கலிஃபோர்னியாவில் விசியோ டிவி கம்பெனி மேல் போட்ட வழக்கின் மையமே இதுதான். நாங்கள் காப்புரிமைக்காரர்களாக வரவில்லை, டிவி வாங்கியவர்களாக வந்திருக்கிறோம். இந்த உரிமம் எங்களுக்காக எழுதப்பட்டது என்றார்கள். இதெல்லாம் காப்புரிமைச் சட்ட விஷயம் என்று விசியோ வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2022இல் அந்த நீதிமன்றம், இது ஒப்பந்த விஷயம் என்று மாநில நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

ஒப்பந்த விஷயம். இந்த வார்த்தையைத்தான் நான் டெல்டாக்காரனாகக் கேட்க விரும்புகிறேன். ‘ஒத்துக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்தினாயே, கையெழுத்துப் போட்ட மாதிரிதானே என்கிறார்கள். இந்த மண்ணுக்கு அந்த வாதம் புதிதல்ல. தஞ்சாவூர் மிராசுதார்களும் அதைத்தான் சொன்னார்கள்: நிலம் என்னுடையது, அவன் ஒத்துக்கொண்டுதான் வந்தான். 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், அடுத்த வருஷம் நியாய வாரச் சட்டம். வெண்மணிக்குப் பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு போன் பிரச்சினைக்குப் பண்ணையாளைத் துணைக்கு இழுக்கிறாயா என்று கேட்பீர்கள். துன்பத்தை ஒப்பிடவில்லை, ஒப்பிட்டால் என் வாய் வேகும். சட்டம் யோசித்த விதத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சம பலம் இல்லாதபோது சீட்டில் எழுதியிருப்பது கடைசி வார்த்தை அல்ல என்று சட்டம் அப்போதே ஒப்புக்கொண்டது. சீட்டுக்கு மேலே ஒரு நியாய வாரம் உண்டு என்றது.

நம் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அப்படிப்பட்ட ஷரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நல்ல பிரிவு. ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது; மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஒன்பதாயிரம் ரூபாய் போனுக்காகக் கீழ்வேளூரிலிருந்து சென்னைக்கு வக்கீலோடு எத்தனை தடவை ரயில் ஏறுவது? முதலில் மாற வேண்டியது இதுதான்: நியாயமற்ற ஒப்பந்தப் புகாரை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம் என்ற திருத்தம்.

இரண்டாவது, போன் பெட்டியின் மேல். எத்தனை மெகாபிக்சல் என்று அச்சடிக்கிற இடத்தில் எத்தனை வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வரும், போனோடு வந்த எந்தெந்தச் செயலியை நீக்க முடியாது, முகப்பில் விளம்பரம் உண்டா இல்லையா என்பதைத் தமிழில் அச்சடிக்க வேண்டும். பூச்சிமருந்து டப்பாவில் போட முடிகிறதல்லவா? மூன்றாவது, கம்பெனி திருத்தம் தருவதை நிறுத்திய நாளில் போனின் பூட்லோடரைத் திறந்துவிட வேண்டும், கெர்னல் நிரலையும் வெளியிட வேண்டும். அப்படித் திறந்த போனை வெறும் சான்றைக் காட்டி வங்கிச் செயலிகள் விரட்டக் கூடாது. ஒன்றிய அரசு 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு போட்டது, டிசம்பரில் இணையத்தளம் திறந்தது. உதிரி பாகம், பேட்டரி பற்றியெல்லாம் பேசுகிறார்கள், சந்தோஷம். ஆனால் என் நண்பன் கடைக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் எந்தப் பாகமும் உடையவில்லை. திரை நன்றாக இருக்கிறது, பேட்டரி நிற்கிறது, உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத்தான் வயதாகிவிட்டது. அதை மாற்ற அவனுக்குக் கை இருக்கிறது, ஸ்குரூ டிரைவர் இருக்கிறது, லினியேஜும் இருக்கிறது. அந்தக் கம்பெனி பூட்டிவிட்டுப் போன பூட்லோடரின் சாவி மட்டும் இல்லை.